ஊதிப் பெருக்கும் உடல்களை எழுதப் புகுவோருக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் இலக்கியப் பக்கம் பேய்க்கதை, துப்பறியும் கதை, அறிவியல் புனைவு என ஒவ்வொரு வகைக்கும் இடம் ஒதுக்கி, புதிதாக எழுத வருவோருக்கு அவ்வகையில் பழகியவர்களைக் கொண்டு ஆலோசனை வழங்கி வருகிறது. அந்த வரிசையில் இடம்பெறாத ஒரு வகையைப் பற்றி எழுத விரும்புகிறேன். மனித உடல் காற்றாலோ நீராலோ வேறு ஏதோ ஒன்றாலோ நிரம்பி, படிப்படியாக ஊதிப் பெருத்து, உருண்டு திரளும் கதைகளைச் சொல்கிறேன். இதை எழுதுவோரும் வாசிப்போரும் ‘பாடி இன்ஃப்ளேஷன்’ என்றே குறிப்பிடுகிறார்கள். வாசகர் கூட்டம் சிறியது. ஆனால் அதில் எழுத ஆசைப்படும் இளைஞர்கள் கணிசமாக இருக்கிறார்கள். மூத்த எழுத்தாளர்கள் கூச்சத்தால் ஒதுங்கிக்கொள்வதால், இவர்களுடைய கைப்பிரதியைப் படித்து “இந்த இடம் சரியில்லை” என்று சொல்ல ஆளில்லை. அத்தகைய கைப்பிரதிகளைத் தொடர்ந்து வாசித்து வருபவன் என்ற முறையில், அவர்களுக்குச் சொல்ல வேண்டியதைத் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்லத் துணிகிறேன்.

உடல் அளவு மீறிப் பெருப்பதைக் கற்பனை செய்வது இழிவான வேலை என்று யாரும் தொடக்க எழுத்தாளர்களை வெட்கப்படுத்த வேண்டியதில்லை. எட்டு சித்திகளில் மகிமா என்பது உடலைப் பேருருவாக்கும் ஆற்றல். அதற்கு எதிராக அணிமா, எடையின்மைக்கு லகிமா, அசைக்க முடியாத கனத்துக்குக் கரிமா என, இந்தக் கதைகளுக்கு வேண்டிய நான்கு திசைகளையும் நம் மரபு முன்பே பெயரிட்டு வைத்திருக்கிறது. சுந்தர காண்டத்தில், கடல் தாண்டும் அனுமனை வழிமறித்து விழுங்க வந்த சுரசை வாயைப் பெருக்க, அனுமன் உடலைப் பெருக்க, வான்மீகியின் கணக்கில் அது பத்துப் பத்தாக ஏறி நூறு யோசனை வரை போகிறது. அந்தப் பகுதிக்குப் பின்னர் மீண்டும் வருவேன். காளையைப் போல் பெரிதாக வேண்டுமென்று தன்னை ஊதிக்கொண்டு வெடித்த தவளையின் கதையோ ஈசாப்பின் பெயரில் உலகம் முழுவதும் வழங்கி வருகிறது. ஆக, பொருள் பழையது. எழுதும் முறைதான் இன்னும் பழகவில்லை.

நான் காணும் முதல் குறை, பெரும்பாலான கைப்பிரதிகளைக் கெடுக்கும் குறை, அவசரம். கதை பின்வருமாறு தொடங்கும்: “மித்ரா அந்தப் பானத்தைக் குடித்தாள். உடனே அவள் வயிறு பெரிதாக வீங்கியது. பிறகு இன்னும் பெரிதாக வீங்கியது. கைகால்களும் வீங்கின. கடைசியில் அவள் ஒரு பெரிய உருண்டையாகிவிட்டாள்.” ஐந்தே வாக்கியங்களில் எல்லாம் முடிந்துவிட்டது. இனி எழுத்தாளருக்குச் சொல்ல எதுவும் இல்லாததால், உருண்டையை அறையளவாக்குகிறார், பிறகு வீட்டளவாக்குகிறார், பிறகு மலையளவாக்குகிறார். அளவு கூடக்கூட வாசகரின் ஈடுபாடு குறைந்துகொண்டே வருகிறது. ஏனெனில் வீட்டளவு உடலுக்கும் மலையளவு உடலுக்கும் இடையிலான வேறுபாட்டை யாருடைய தோலும் உணர்ந்ததில்லை. மோதிரம் இறுகுவதை எல்லோருடைய விரலும் உணர்ந்திருக்கிறது.

அதே காட்சியை வேறு விதமாகத் தொடங்கிப் பார்க்கலாம். “அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் கையெழுத்திடப் பேனாவை எடுத்த மித்ரா, மோதிரத்தின் இருபுறமும் சதை பிதுங்கியிருப்பதைக் கண்டாள். சுழற்றிப் பார்த்தாள், சுழலவில்லை. கைக்கடிகாரப் பட்டையை ஒரு துளை தளர்த்தினாள். கையெழுத்திட்டு முடிப்பதற்குள் அந்தத் துளையும் போதவில்லை.” இங்கே ‘வீங்கியது’ என்ற சொல்லே இல்லை. ஆனால் என்ன நடக்கிறதென்று வாசகருக்குத் தெரிந்துவிட்டது, மித்ராவுக்கு முன்பே தெரிந்துவிட்டது. இந்த வகைக் கதைகளின் உண்மையான இன்பம் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது: பாத்திரம் இன்னும் அறையின் வெக்கையைக் குறை சொல்லிக்கொண்டிருக்க, வாசகர் அடுத்த பொத்தானைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

எனவே தொடக்க எழுத்தாளர் முதலில் செய்ய வேண்டியது, தம் பாத்திரம் அன்று என்ன உடுத்தியிருக்கிறது, எதில் அமர்ந்திருக்கிறது, எந்தக் கதவு வழியாக உள்ளே வந்தது என்பதை முடிவு செய்வது. அவைதான் அளவுகோல்கள். கால்சட்டையின் இடுப்புப் பட்டை, செருப்பு வார், சட்டைக் கழுத்து, மூக்குக்கண்ணாடியின் காம்பு, கைப்பிடி உள்ள நாற்காலி என ஒவ்வொன்றும் தனக்கே உரிய ஒரு கட்டத்தில் ‘போதாது’ என்று சொல்லும். கைப்பிடி உள்ள நாற்காலியில் ஒருவரை உட்கார வைத்துவிட்டால், எழுந்திருக்கும் முயற்சியே ஒரு முழுக் காட்சியாகும். கதையின் முதற்பாதியில் எவ்வளவு பொருள்களை அறிமுகம் செய்கிறோமோ, பிற்பாதியில் அவ்வளவு நிகழ்ச்சிகள் தாமாகவே கிடைக்கும். சென்டிமீட்டர் கணக்கும் கிலோ கணக்கும் கொடுத்துக்கொண்டே போவதைவிட, காலையில் நேராக நுழைந்த கதவில் மாலையில் பக்கவாட்டில் திரும்பிப் பார்ப்பது மேல்.

இரண்டாவதாக, உடலுக்குள் நிரம்புவது என்ன என்பதை எழுதத் தொடங்கும் முன்பே முடிவு செய்யுங்கள். பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. ஒரு பத்தியில் காற்று என்பார்கள். அடுத்த பத்தியில் பாத்திரம் தரை அதிர உருளும். அதற்கடுத்த பத்தியில் மேலே மிதக்கும். சிறிய கணக்கு ஒன்று போட்டால் இந்தக் குழப்பம் தீர்ந்துவிடும், அத்துடன் கதைக்கான புதிய பொருளும் கிடைக்கும். 60 கிலோ எடையுள்ள ஒருவரின் உடல் ஏறத்தாழ 60 லிட்டர் இடத்தை அடைக்கிறது. அவர் 1.5 மீட்டர் விட்டமுள்ள கோளமாக உருண்டுவிட்டார் என்று கொண்டால், அந்தக் கோளத்தின் கொள்ளளவு சுமார் 1,770 லிட்டர். அதாவது முப்பது மடங்குக்குச் சற்றுக் குறைவு. உள்ளே இருப்பது நீர் என்றால் அவர் எடை இப்போது ஒன்றேமுக்கால் டன். நாற்காலி நொறுங்கும், மாடித் தளம் தாங்குமா என்ற கவலை எழும், அவரை நகர்த்த நாலு பேர் போதாது, அசையும் ஒவ்வொரு முறையும் உள்ளிருக்கும் நீர் ஒரு கணம் தாமதித்து அலையடிக்கும். அது கனத்தின் கதை.

உள்ளே இருப்பது சாதாரணக் காற்று என்றால் நிலைமை நேர்மாறானது. ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.2 கிலோதான். அந்தக் கோளம் முழுவதிலும் இரண்டு கிலோ காற்றுதான் இருக்கும். சுற்றியுள்ள காற்றே அதைத் தாங்கிக்கொள்வதால், அழுத்தம் மிகாதவரை எடைக்கருவி அதையும் காட்டாது. நம் பாத்திரம் அதே 60 கிலோவுடன் ஓர் அறையை அடைத்துக்கொண்டிருக்கிறது. மிதக்காது, ஆனால் மின்விசிறிக் காற்றுக்கும் லேசாக நகரும், ஒருவர் விரலால் தள்ளினால் உருண்டுபோய்ச் சுவரில் மோதித் திரும்பும். இது கனத்தின் கதையே இல்லை. பிடிமானம் இழப்பதன் கதை. பாதம் தரையை உணர்கிறது, ஆனால் கண்ணால் பாதத்தைப் பார்க்க முடியவில்லை.

மிதக்க வைக்க விரும்புவோர் ஹீலியத்தை நாடுகிறார்கள். ஒரு கன மீட்டர் ஹீலியம் ஏறத்தாழ ஒரு கிலோவைத் தூக்கும். 60 கிலோ மனிதரைத் தரையிலிருந்து எழுப்ப 60 கன மீட்டர் வேண்டும். அதற்குக் கோளத்தின் விட்டம் ஐந்து மீட்டரை நெருங்க வேண்டும். ஒரு சராசரி அறையின் கூரைக்குள் அது அடங்காது. இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்ட பிறகு, அதை மீறுவதா வேண்டாமா என்று எழுத்தாளர் தீர்மானிக்கலாம். ஹீலியத்தைவிட மாயமான ஒரு வாயுவைக் கற்பித்துக்கொள்வதில் தவறில்லை. 1903-இல் வெளிவந்த ஹெச். ஜி. வெல்ஸின் சிறுகதை ஒன்றில், எடை குறைய மருந்துண்ட பருமனான மனிதர் ஒருவர் பருமன் குறையாமல் எடையை மட்டும் இழந்து கூரையில் போய் ஒட்டிக்கொள்கிறார். இறுதியில் ஈயத்தாலான உள்ளாடை அணிந்து தரையில் நடக்கிறார். மருந்து நம்ப முடியாதது. ஆனால் அதன் பிறகு வரும் ஒவ்வொன்றும் அந்த ஒரு பொய்யிலிருந்து ஒழுங்காகப் பிறக்கிறது. தொடக்க எழுத்தாளரிடம் நான் வேண்டுவதும் அதுவே: ஒரு பொய்யைத் துணிந்து சொல்லுங்கள், மீதி எல்லாவற்றையும் அந்தப் பொய்க்கு நேர்மையாக நடக்க விடுங்கள்.

தோலைப் பற்றியும் ஒரு கணக்கு உண்டு. வளர்ந்த மனிதரின் தோல் ஏறத்தாழ இரண்டு சதுர மீட்டருக்குள் அடங்கும். மேற்சொன்ன கோளத்தின் மேற்பரப்போ ஏழு சதுர மீட்டர். உருவம் பெருக்கும்போது பரப்பு ஒரு விகிதத்திலும் கொள்ளளவு அதைவிட வேகமான விகிதத்திலும் ஏறும் என்பதைக் கலிலியோ 1638-இல் வெளியிட்ட நூலில் விளக்கியிருக்கிறார். அதனாலும், கைகால் நீண்ட உடலைவிட உருண்டைக்குக் குறைந்த பரப்பே போதும் என்பதாலும்தான் கொள்ளளவு முப்பது மடங்கை நெருங்கும்போது தோல் ஏறக்குறைய நான்கு மடங்குதான் விரிய வேண்டியிருக்கிறது. அதாவது ஒவ்வொரு திசையிலும் இரு மடங்கு. இதை எண்ணாக எழுத வேண்டாம், காட்சியாக எழுதுங்கள். மணிக்கட்டில் மிளகளவு இருந்த மச்சம் பட்டாணியளவாகத் தட்டையாகியிருக்கும். தோளில் குத்திய பச்சையின் எழுத்துகள் அகன்று வெளிறியிருக்கும். பழைய அறுவைத் தழும்பு மட்டும் மற்றத் தோலைப் போல இழுபடாமல், அந்த இடத்தில் ஒரு பள்ளமாக உள்வாங்கி நிற்கும். அந்தத் தழும்பை முதல் பக்கத்திலேயே காட்டிவைத்த எழுத்தாளருக்கு நல்ல எதிர்காலம் உண்டென்று நான் நம்புவேன்.

உணர்வுகளை எங்கிருந்து எடுப்பது என்பது அடுத்த கேள்வி. ‘இறுக்கமாக இருந்தது’ என்ற ஒரே தொடரைப் பத்து முறை எழுதுகிறார்கள். மெய்யான உடல்கள் நமக்கு அளவற்ற செய்தி வைத்திருக்கின்றன. கருவுற்ற பெண்ணிடம் மரியாதையோடு கேட்டால், வயிற்றுத் தோலின் அரிப்பையும், உடலின் மையம் முன்னால் நகர்ந்ததால் இடுப்பைப் பின்னுக்குச் சாய்த்து நடக்கப் பழகியதையும், உறங்கத் திரும்பிப் படுப்பதே ஒரு திட்டமிட்ட செயலாகிவிட்டதையும் சொல்வார். நெடுந்தூரம் அமர்ந்தே பயணம் செய்தவர், கழற்றிய காலணிக்குள் காலை மீண்டும் நுழைக்க முடியாத அனுபவத்தைச் சொல்வார். சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்பராஸ்கோப்பி அறுவையில் வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடைச் செலுத்தி மெல்ல உப்பச் செய்து இடம் உண்டாக்குகிறார்கள். அதன் பிறகு பலருக்கு வலி எடுப்பது வயிற்றில் மட்டுமில்லை, தோளிலும்தான். உதரவிதானத்தில் ஏற்படும் உறுத்தலை நரம்பு தோளின் வலியாகச் சொல்கிறது. வயிறு உப்பும் கதையில் தோள் வலிக்கிறது என்று எழுதினால் வாசகர் திடுக்கிட்டு நம்புவார், ஏனென்றால் அது யாரும் எதிர்பார்க்கும் இடம் இல்லை. தோலுக்கடியில் காற்று சிக்கிக்கொள்ளும் நோயாளிகளின் தோலை அழுத்தும்போது நொறுநொறுவென்ற மெல்லிய ஒலி விரலுக்குத் தெரியும் என்பது மருத்துவர்கள் அறிந்த செய்தி. ரப்பர் கிரீச்சிடும் ஒலியையே எல்லோரும் எழுதிக்கொண்டிருக்கையில் இது புதிதாக ஒலிக்கும்.

இன்னொன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். பல் மருத்துவர் மரத்துப்போகும் ஊசி போட்ட பின், உதடு பெரிதாகப் பருத்துத் தொங்குவதுபோல் தோன்றும். கண்ணாடியில் பார்த்தால் எப்போதும்போலவே இருக்கும். உடலைப் பற்றி மூளை வைத்திருக்கும் வரைபடமும் உடலும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. இந்த விலகலைத் தலைகீழாக்கிப் பாருங்கள்: உடல் உண்மையிலேயே பெருத்துவிட்டது, ஆனால் மூளை இன்னும் பழைய வரைபடத்தையே வைத்திருக்கிறது. கதவுக்குள் தாராளமாகப் போய்விடலாம் என்று நம்பி நடக்கும் பாத்திரம் இருபுறமும் இடித்துக்கொள்கிறது. தொலைபேசியை எடுக்க நீட்டிய கை மேசை விளக்கைத் தட்டி விடுகிறது. தன் உடல் எங்கே முடிகிறது என்பதை ஒருவர் புதிதாகக் கற்றுக்கொள்ளும் காட்சி, இந்த வகைக்கு வெளியே இருக்கும் வாசகரையும் உள்ளே இழுக்கும்.

இயற்கையில் உப்பும் உயிர்களையும் கவனியுங்கள். பேத்தை மீன் ஆபத்து வந்தால் நீரை விழுங்கி இரைப்பையை நிரப்பி உருண்டையாகிறது. அதற்கு விலா எலும்புகள் இல்லை, இரைப்பை மடிப்பு மடிப்பாக விரியக் காத்திருக்கிறது, தோலும் நன்றாக இழுபடும். பலூனை ஊதியவர்களுக்கும் ஒன்று தெரியும்: முதல் மூச்சுதான் கடினம், ஒரு கட்டத்தில் திடீரென்று எதிர்ப்பு தளர்ந்து மளமளவென விரியும், எல்லையை நெருங்கும்போது மீண்டும் விறைக்கும். இந்த மூன்று கட்டங்களையே கதையின் நடையாகக் கொள்ளலாம். தொடக்கத்தில் நீண்ட பத்திகளில் சிறிய மாற்றம். நடுவில் மூச்சு வாங்க விடாத வேகம். பிறகு ஒவ்வொரு சிறு அசைவும் அச்சமூட்டும் நிதானம். சீரான வேகத்தில் பெருக்கிக்கொண்டே போகும் கதை எவ்வளவு வண்ணமாக எழுதப்பட்டாலும் சலிக்கும்.

சொற்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உப்புதல், வீங்குதல், புடைத்தல், பருத்தல், விம்முதல், பொதபொதத்தல், திரளுதல் என்று தமிழில் இதற்கு வேண்டிய வினைகள் ஏராளம். ‘வீங்குதல்’ நோயின் நிழலைக் கொண்டுவரும். அச்சக் கதைக்கு அது பொருந்தும். ‘விம்முதல்’ உள்ளிருந்து தள்ளும் விசையைக் காட்டும். ஒரே வினையைக் கதை முழுதும் இழுத்துச் செல்வதும், ஒரே பத்தியில் எல்லா வினைகளையும் கொட்டுவதும் ஒருசேரத் தவறு. கட்டத்துக்கு ஒரு வினை போதும்.

இவ்வளவும் உடலைப் பற்றியது. உடலுக்குள் இருக்கும் ஆளைப் பற்றித்தான் கைப்பிரதிகளில் மிகக் குறைவாக எழுதப்படுகிறது. மித்ரா யார்? எல்லோரும் பேசும் கூட்டத்தில் தனக்கென்று ஓர் இருக்கை கேட்டு வாங்கத் தயங்குபவளா? அப்படியானால் அவள் உடல் கேட்காமலேயே அறையின் பாதியை எடுத்துக்கொள்ளும்போது அவளுக்குள் கூச்சத்தோடு வேறொன்றும் எழும், ஒருவேளை நிம்மதி, ஒருவேளை முதல்முறையாக ஒரு மிடுக்கு. எல்லாவற்றையும் தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்தே பழகியவள் என்றால் அதே நிகழ்ச்சி பேரச்சமாகும். நிகழ்ச்சி ஒன்றுதான், ஆளுக்கு ஏற்ப அது வேறு கதையாகிறது. கதை எழுதும் முன், இந்த மாற்றம் இந்த ஒருவருக்கு ஏன் நேர வேண்டும் என்ற கேள்விக்கு ஒரு விடையாவது கையில் இருக்கட்டும். விடை கிடைக்காவிட்டால் பாத்திரத்தை மாற்றுங்கள். அளவை மாற்றுவதால் பயனில்லை.

இரண்டாவது ஒருவரைக் காட்சிக்குள் கொண்டுவருவதும் நல்லது. தனியறையில் ஒருவர் மட்டும் பெருத்துக்கொண்டிருந்தால் உரையாடலுக்கு வழியில்லை. உடன் பணிபுரிபவர், உடன்பிறந்தவர், வாழ்க்கைத் துணை என யாராவது ஒருவர் பார்க்கிறார், கேட்கிறார், தொட்டுப் பார்க்கலாமா என்று அனுமதி கேட்கிறார். அனுமதி கேட்கும் அந்த ஒரு வரி கதையின் தரத்தையே உயர்த்துகிறது என்பது என் உறுதியான கருத்து. பிறர் உடலை அவர் விருப்பமின்றி மாற்றும் கதையை எழுதக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அச்சக் கதைகள் அப்படித்தான் பிறக்கின்றன. ஆனால் அதை அச்சமாகவே எழுத வேண்டும். பாதிக்கப்பட்டவரின் பீதியை வேடிக்கையாக்கிவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. அதேபோல, இயல்பிலேயே பருமனான மனிதர்களைக் கேலிப் பொருளாக்கும் வரிகள் இந்த வகையில் அடிக்கடி நுழைகின்றன. மாயத்தால் பெருத்த உடலை வியந்து எழுதும் கை, மெய்யான பருமனுடலை இகழ்ந்து எழுதுவது அந்த எழுத்தாளர் தம் பொருளையே நேசிக்கவில்லை என்பதைக் காட்டிவிடும்.

முடிவுதான் கடினமான இடம். தவளையைப் போல வெடிக்க வைப்பது எளிது என்பதாலேயே பெரும்பாலோர் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மற்றவர்கள் எல்லாம் கனவு என்று முடித்துவிடுகிறார்கள். இங்கேதான் சுரசைப் பகுதியை மீண்டும் படிக்கச் சொல்வேன். இருவரும் மாறி மாறிப் பெருத்து, வாய் நூறு யோசனை அகன்ற நிலையில், இதற்கு மேல் பெருக்குவதில் பொருளில்லை என்ற இடத்தில் அனுமன் கட்டைவிரலளவாகச் சுருங்கி, வாய்க்குள் புகுந்து வெளியேறிவிடுகிறான். அளவுப் போட்டியை அளவால் வெல்லாமல் திசை திருப்பி வெல்கிறான். நம் கதைகளுக்கும் அப்படி ஒரு திருப்பம் வேண்டும். உச்சத்துக்குப் பிறகு உடல் மெல்லத் தளரும் பகுதியை எழுதுவோர் மிகச் சிலர். பழைய அளவுக்குத் திரும்பிய பின் தளர்ந்து தொங்கும் சட்டையையும், மீண்டும் சுழலத் தொடங்கிய மோதிரத்தை அவள் கழற்றுகிறாளா விட்டுவிடுகிறாளா என்பதையும் எழுதியவர்கள் அவர்களிலும் சிலரே. திரும்பவே முடியாது என்று முடிவு செய்தால், அடுத்த நாள் காலை எப்படி இருக்கும் என்பதை ஒரு பக்கமாவது எழுதுங்கள்: எப்படி உண்கிறார், யார் வந்து பார்க்கிறார், வேலை என்ன ஆகிறது.

முதல் கதையைத் தொடராகத் திட்டமிட வேண்டாம். ஒரே இடம், இரண்டு பேர், ஒரே பொழுது என்று ஆயிரத்தைந்நூறு அல்லது இரண்டாயிரம் சொற்களில் முடியும் ஒன்றை எழுதி, வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். எந்த இடத்தில் நாக்கு விரைகிறதோ அங்கே அளவு மட்டும் ஏறியிருக்கிறது, ஆளுக்கு ஒன்றும் நேரவில்லை என்று பொருள்.

இவ்வகைக் கதைகளில் சில காம உணர்வைத் தொடுகின்றன என்பதை மறைப்பது நேர்மையாகாது. அதனால் இரண்டு வரம்புகளை எந்த விட்டுக்கொடுப்பும் இன்றிச் சொல்ல விரும்புகிறேன். அத்தகைய கதைகளின் பாத்திரங்கள் ஐயத்துக்கிடமின்றி வயது வந்தவர்களாக இருக்க வேண்டும்; சிறார்களை அதன் அருகே கொண்டுவரவே கூடாது. கதையின் தலைப்புக்குக் கீழே, உள்ளே என்ன வகை நிகழ்ச்சிகள் வருகின்றன என்பதை ஒரு வரியில் முன்கூட்டியே அறிவித்துவிட வேண்டும். வெடித்தல், வற்புறுத்தல் போன்றவை இருந்தால் அதையும் குறிப்பிட வேண்டும். விரும்பியவர் வாசிக்கட்டும், விரும்பாதவர் தம் வழியில் போகட்டும். அந்த ஒரு வரியால் கதையின் வியப்பு கெட்டுவிடும் என்று அஞ்சுவோருக்கு, இந்த வகையின் வாசகர் என்ன நடக்கும் என்று தெரிந்தேதான் வருகிறார், எப்படி நடக்கும் என்பதற்காகவே தங்குகிறார் என்பதை நினைவூட்டுகிறேன்.

ஆசிரியர் அவர்களே, இடப் பற்றாக்குறையால் இக்கடிதத்தைச் சுருக்க நேர்ந்தால் எந்தப் பத்தியை வேண்டுமானாலும் நீக்குங்கள். பின்வரும் பத்தியை மட்டும் நீக்காமல் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கதையில் நடப்பதை உடலில் செய்து பார்க்கக் கூடாது, பிறர் மீதும் செய்யக் கூடாது. தொழிற்கூடங்களில் விளையாட்டு என்று நினைத்துச் சக தொழிலாளியின் உடலுக்குள் அழுத்தக் காற்றைச் செலுத்தியதில் குடல் கிழிந்து இறந்தவர்கள் உண்டு. ஆடைக்கு மேல், சற்றுத் தள்ளிப் பிடித்த குழாயிலிருந்து வந்த காற்றும் இத்தகைய காயத்தை உண்டாக்கியிருக்கிறது. ஓரிரு நொடிகளே போதும். மனிதக் குடல் தாங்கும் அழுத்தத்தைவிட அந்தக் கருவிகளின் அழுத்தம் பன்மடங்கு அதிகம். அளவுக்கு மீறி ஒரே வேளையில் நீர் குடிப்பதும் இரத்தத்தில் சோடியத்தைக் குறைத்து உயிரைப் பறிக்கக்கூடியது. அப்படி எதுவும் நேர்ந்தால், என்ன நடந்தது என்பதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லி, ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்